உயர்நிலை ஆங்கிலப் பயிற்சியில் மொழிபெயர்ப்பின் இடம்: தேவ்நார்க் களப்பதிவுகளை முன்வைத்து

ஒரு மொழியை இரண்டாம் மொழியாகக் கற்போர் தொடக்க நிலையில் விரைந்து முன்னேறுவர். உயர்நிலையை எட்டியபின் பலரது வளர்ச்சி தேங்கிவிடுகிறது. தேவைக்குப் போதுமான மொழி கைவந்துவிட்டதே இத்தேக்கத்திற்கு முதன்மையான காரணம் எனலாம். பேசுவது பிறருக்குப் புரிகிறது, எழுதுவது ஏற்கப்படுகிறது, தேர்விலும் வெற்றி கிட்டுகிறது. திருத்திக்கொள்ள வேண்டும் என்னும் நெருக்கடி எங்கிருந்தும் எழுவதில்லை. லாரி செலிங்கர் 1972இல் 'இடைமொழி' என்னும் கருத்தை விளக்கியபோது, கற்போர் மொழியில் சில கூறுகள் உறைந்து நின்றுவிடுவதைத் தனித்துச் சுட்டினார். ரிச்சர்டு ஷ்மிட் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய ஓவியர் ஒருவரின் ஆங்கிலத்தை அவர் மூன்றாண்டுகள் கவனித்தார். ஓவியரின் உரையாடல் திறன் நன்கு பெருகியது; இலக்கணத் துல்லியமோ ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது.

இவ்வாய்வுகள் பேசுவது கண்ணுக்குத் தெரியும் பிழைகளைப் பற்றியே. மொழிபெயர்ப்பாளர் கவலைகொள்ளத்தக்க வேறொரு தேக்கமும் உண்டு. அதில் ஆங்கில வாக்கியம் பிழையின்றி அமைந்திருக்கும். மூலத்தில் பேசியவர் சொன்ன பொருள் மட்டும் அதில் முழுமையாக இராது. ஆசிரியரின் திருத்தக் கோல் இதன்மேல் படுவதேயில்லை. இவ்வகைத் தேக்கத்தை ஆராய மும்பையின் தேவ்நார் பொருத்தமான களமாக அமைகிறது.

தேவ்நாரின் மொழிச்சூழல்

1936இல் தொடங்கப்பட்ட டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1954இல் தேவ்நார் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. மக்கள்தொகை ஆய்விற்கான அனைத்துலக நிறுவனமும் இங்கேயே உள்ளது. 1992-93இல் முதன்முறையாக நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வை ஒருங்கிணைத்தது இந்நிறுவனமே. மக்கள் தத்தம் மொழியில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவது இவ்விரு நிறுவனங்களின் அன்றாடப் பணியோடு பிணைந்தது. சமூகப் பணி பயிலும் மாணவர் களத்திற்குச் சென்று திரும்பியதும் களப்பணிப் பதிவு எழுத வேண்டும். அப்பதிவே அவருடைய உயர்நிலை ஆங்கிலப் பயிற்சியாகவும் அமைந்துவிடுகிறது. பாடத்திட்டம் அதனை மொழிப் பயிற்சி என்று பெயரிட்டு அழைக்காவிடினும் உண்மை அதுவே.

தமிழ் மாணவர்க்குக் களம் தொலைவில் இல்லை. 1976இல் ஜனதா காலனி அகற்றப்பட்டபோது குடியேற்றப்பட்ட சீத்தா கேம்பில் தமிழர் பெருந்தொகையினர். செம்பூர், மாதுங்கா வழியே சென்றால் தாராவி; திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் தலைமுறைகளாக வாழும் இடம். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளும் நடத்துவதால், தமிழில் எழுத்தறிந்து, தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி, கல்லூரியில் ஆங்கிலத்திற்கு வந்தவர்களும் இம்மாணவரிடையே இருக்கக்கூடும். இரண்டாம் மொழி எனப் பாடநூல் குறிக்கும் ஆங்கிலம் இவர்க்கு உண்மையில் நான்காம் மொழி.

பிறர்கூற்று 'ஆம்'

கீழே வருபவை விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட வாக்கியங்கள். பெண் ஒருவர் மாணவியிடம் சொல்கிறார்: 'நாங்கல்லாம் லிஸ்ட்ல இல்லையாம்.' மாணவி எழுதுகிறார்: 'வீ ஆர் நாட் இன் த லிஸ்ட்.' இலக்கணத்தில் குறை காண இடமில்லை. ஆயினும் தமிழ் வாக்கியம் சொன்னது வேறு. பட்டியலில் பெயர் இல்லை என்று எவரோ சொன்னதாக அப்பெண் கூறுகிறார். அதற்குத் தாம் பொறுப்பேற்கவில்லை. அச்செய்தியில் அவருக்கு நம்பிக்கை இல்லாமலும் இருக்கலாம். ஈற்றிலுள்ள 'ஆம்' நீங்கியதும் அது அவரே ஒப்புக்கொண்ட உண்மையாகிவிடுகிறது.

மும்பையில் இது இலக்கண நுட்பத்தோடு நிற்கும் செய்தியன்று. 1995 முதல் நடைமுறையிலுள்ள குடிசைப்பகுதி மறுவாழ்வுத் திட்டத்தில், குறிப்பிட்ட நாளுக்கு முன்பிருந்தே குடியிருந்ததாக நிறுவுவோரே தகுதியுடையோர். அவர்தம் பெயர்கள் 'அனெக்ஷர் டூ' எனப்படும் இணைப்புப் பட்டியலில் இடம்பெறும். பட்டியலில் தம் பெயர் இல்லை என்று ஒருவர் கூறியதாக எழுதுவதற்கும், இல்லை என்று தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் கூறினார் என எழுதுவதற்கும் இடையே ஒரு வீடே தங்கியிருக்கக்கூடும்.

'ஆம்' ஈற்றுக்கு ஆங்கிலத்தில் நேரான ஓர் உருபு இல்லை. அதன் பணியைச் சொற்களும் தொடர்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. 'அப்பேரண்ட்லி' என்னும் வினையடை பேசுவோரின் ஊகத்தையும் உள்ளடக்கக்கூடியது. 'அலெஜ்ட்லி' நீதிமன்ற வாடை உடையது. குற்றச்சாட்டிற்கே பெரிதும் பொருந்தும். 'ரிப்போர்ட்டட்லி' செய்தித்தாளுக்கு உரியது. 'ஷி ஹாஸ் பீன் டோல்ட்' என்பதே மேற்கண்ட இடத்திற்கு மிக அண்மையில் வருகிறது. சொன்னவர் இன்னார் எனக் குறியாமலே சொல்லப்பட்ட நிலையை அது காட்டுகிறது. இந்திய ஆங்கில நாளேடுகளில் விரும்பி ஆளப்படும் 'இட் இஸ் லேர்ண்ட்' என்னும் தொடர் 'ஆம்' ஈற்றின் வேலையைப் பெருமளவு செய்வது நோக்கத்தக்கது. இங்கிலாந்து நடையை அளவுகோலாகக் கொள்வோர் அதனைக் குறையாகக் கருதலாம். தேவையிலிருந்து பிறந்த வழக்கு எனக் கொள்வதே பொருந்தும்.

இங்கு மராத்தி அறிவு மாணவருக்குத் துணைநிற்கும். மராத்தியில் 'ம்ஹணே' என்னும் சொல் வாக்கியத்தில் நின்று இதே பிறர்கூற்றுப் பொருளைத் தருகிறது. தமிழ் 'ஆம்', மராத்தி 'ம்ஹணே' ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த மாணவர், ஆங்கில வாக்கியத்தில் ஓர் இடம் வெறுமையாக இருப்பதை எளிதில் உணர்வார்.

நாமும் நாங்களும்

அதே வாக்கியத்தின் முதற்சொல்லும் கருதத்தக்கது. தமிழ் கேட்போரை உட்படுத்தும் 'நாம்' என்பதையும் உட்படுத்தாத 'நாங்கள்' என்பதையும் வேறுபடுத்துகிறது. மராத்தியில் 'ஆபண்', 'ஆம்ஹி' என்பன முறையே இவற்றிற்கு இணையானவை. இந்தியின் 'ஹம்' என்பதும் ஆங்கிலத்தின் 'வீ' என்பதும் இவ்வேறுபாட்டைக் காட்டா. தொடக்கத்தில் 'நாங்க' என்று பேசிய பெண் நேர்காணலின் நடுவே 'நம்ம என்ன செய்ய முடியும்' என்கிறார் எனக் கொள்வோம். அவ்விடத்தில் அவர் மாணவியைத் தம் பக்கத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டார். சமூகப் பணியாளர்க்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. ஆங்கிலப் பதிவிலோ இரண்டும் 'வீ' என்றே நிற்கும். ஆங்கில இலக்கணத்திற்குள் இதற்குத் தீர்வு இல்லை; 'இவ்விடத்தில் அவர் என்னையும் உட்படுத்திப் பேசினார்' எனத் தனி வாக்கியமாக எழுதுவதே வழி.

மரியாதை ஒருமையும் இத்தகையதே. வார்டு அதிகாரியை 'அவரு' என்று தொடங்கி, கோபம் மேலிட 'அவன்' என்று முடித்தால், ஆங்கிலம் இரண்டையும் 'ஹி' எனச் சமன்செய்துவிடும்.

வெளிப்படும் பிழைகள்

கண்ணுக்குத் தெரியும் பிழைகளிலும் சில உயர்நிலை வரை உடன் வருகின்றன. 'நேத்து ஆபீசர் வந்திருந்தாரு' என்பதை 'த ஆபீசர் ஹாட் கம் எஸ்டர்டே' என்று எழுதுவது அவற்றுள் ஒன்று. தமிழில் 'வந்திருந்தார்' என்பது வந்த செயலையும், அதன் பயனாகிய இருப்பு இப்போது முடிந்துவிட்டதையும் ஒருங்கே உணர்த்தும். வந்தார், இருந்தார், போய்விட்டார் என்பது பொருள். ஆங்கில வடிவமோ இறந்தகாலத்தில் வேறொரு நிகழ்ச்சியை வேண்டி நிற்கும். எதற்கு முன் வந்தார் என்று ஆங்கில வாசகர் காத்திருப்பார், விடை வராது. தமிழ் துணைவினைகளின் பொருள்நுட்பத்தை இ. அண்ணாமலை 1985இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆங்கிலம் கற்பிப்போர் அத்துறை ஆய்வுகளைப் படித்தால் மாணவரின் பிழைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கு புலப்படும்.

சார்படைகள் மற்றொன்று. தமிழில் அவை இல்லை என்று கூறிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் 'ரேஷன் கார்டு கேட்டாங்க', 'ரேஷன் கார்டைக் கேட்டாங்க' என்னும் இரண்டையும் எந்தத் தமிழரும் குழப்பிக்கொள்வதில்லை. முன்னது ஏதேனும் ஓர் அட்டை. பின்னது முன்பே அறியப்பட்ட அட்டை. அஃறிணைச் செயப்படுபொருளில் இரண்டாம் வேற்றுமை உருபு தோன்றுவதும் தோன்றாமையும் இவ்வேறுபாட்டைச் சுமக்கின்றன. எனவே 'அ', 'த' என்பவற்றின் அடிப்படைக் கருத்து மாணவரிடம் முன்பே உள்ளது. எழுவாயிடத்தில் இவ்வுதவி கிட்டாது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். பிழைகள் மிகுவதும் அங்கேதான்.

'திஸ் ஒன்லி' போன்ற தொடர்கள் எளிதில் நீங்காமைக்கும் காரணம் உண்டு. தமிழின் 'தான்', இந்தியின் 'ஹீ', மராத்தியின் 'ச' ஆகிய மூன்றும் அழுத்தம் பெறும் சொல்லின் பின்னரே நிற்பன. மூன்று மொழிகள் ஒரே திசையில் இழுக்கும்போது நான்காவது மொழி தனித்துப்போகிறது.

கூற்று வினைகள்

உயர்நிலை மாணவரை ஏமாற்றும் இன்னொரு இடம் கூற்று வினைகள். 'ஸேஸ்' என்பதைத் திரும்பத் திரும்ப எழுதுவது நடைக்குறை எனக் கற்ற மாணவர், ஒருபொருட் பன்மொழி அகராதியைப் பார்த்து 'க்ளெய்ம்ஸ்' என்றும் 'அட்மிட்ஸ்' என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார். முன்னது சொன்னவர்மீது ஐயம் கொள்ளச் செய்யும். பின்னது அவர் தமக்குப் பாதகமானதை ஒப்புக்கொண்டதாகக் காட்டும். இருபது ஆண்டுகளாக இங்கே குடியிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னதை 'க்ளெய்ம்ஸ்' என எழுதினால், கேட்டவருக்கு இல்லாத ஐயத்தைப் படிப்பவருக்கு ஊட்டியதாகும். நடை அழகு கருதிச் செய்யப்படும் இம்மாற்றத்தைக் காட்டிலும், 'ஸேஸ்' என்பதை ஒரு பக்கத்தில் பத்துமுறை எழுதுவது மேல்.

அகராதியில் பொருளைப் பார்ப்பதோடு, உண்மை வழக்கில் சொல் எவற்றோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பதும் இங்குத் தேவை. ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987இல் வெளியான கோபில்டு அகராதி இந்நெறியில் உருவானது. மகாராட்டிரத்திலேயே, கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி தலைமையில் 1980களில் பத்து இலட்சம் சொற்கள் கொண்ட இந்திய ஆங்கிலத் தரவுத்தொகுதி உருவாக்கப்பட்டது. இந்திய அச்சு ஆங்கிலத்தில் ஒரு வினை எவ்வாறு ஆளப்படுகிறது என்பதை அங்குக் காணலாம்.

இரட்டை மொழிபெயர்ப்பு

இப்பொருள் இழப்புகளை மாணவர் தாமே கண்டறிய ஒரு பழைய முறை உதவுகிறது. ரோஜர் ஆஸ்கம் இறந்தபின் 1570இல் வெளிவந்த நூலில், இலத்தீன் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து, சிறிது நேரம் கழித்து அதனை மீண்டும் இலத்தீனில் பெயர்த்து மூலத்தோடு ஒப்பிடும் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. நேர்முறைக் கற்பித்தல் பரவியபின் மொழிபெயர்ப்பு வகுப்பறையிலிருந்து விலக்கப்பட்டது. இடைநிலை வரை அவ்விலக்கிற்குக் காரணம் இருந்தது எனலாம். உயர்நிலையில் அது பொருந்தாது. ஐரோப்பிய அவையின் பொது மொழிச் சட்டகம் 2001இலேயே, ஒருவர் கூறியதை மற்றொருவர்க்கு உரிய மொழியில் கொண்டுசேர்க்கும் திறனை மொழித்திறன்களுள் ஒன்றாக ஏற்றது. அதன் துணைத்தொகுதி 2020இல் இறுதிவடிவம் பெற்றபோது அத்திறனுக்கு விரிவான நிலைவிளக்கங்கள் வகுக்கப்பட்டன.

தேவ்நார் மாணவர் இதனை இரு திசையிலும் கையாளலாம். நல்ல ஆங்கிலப் பத்தி ஒன்றைத் தமிழாக்கி, மறுநாள் மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிட்டால், சார்படை, காலவடிவம், சொல்லிணைவு ஆகியவற்றில் தம் குறைகள் தெரியவரும். தம் களப்பதிவைத் தமிழுக்குத் திருப்பினால் அகப்படுவது வேறு. இதற்கு முன்னீடாக, ஒலிப்பதிவின் ஒரு சிறு பகுதியைப் பேச்சு வடிவிலேயே, ஈறுகள் கெடாமல், தமிழில் எழுதி வைத்துக்கொள்வது இன்றியமையாதது. நினைவிலிருந்து நேரே ஆங்கிலத்தில் எழுதினால் ஒப்பிடுவதற்கு மூலமே இராது. திருப்பி எழுதுபவர் அந்நேர்காணலுக்குச் செல்லாத மற்றொரு மாணவராக இருப்பின் மேலும் நன்று. கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு விடுபட்டதை அவர் நிரப்பிவிட இயலாது.

முன்னர்க் காட்டிய வாக்கியம் இம்முறையில் 'நாம் பட்டியலில் இல்லை' என்று திரும்பக்கூடும். 'ஆம்' போயிற்று, 'நாங்க' என்பதும் போயிற்று. இரண்டாம் முயற்சியில் மாணவி 'ஷி ஸேஸ் தே ஹாவ் பீன் டோல்ட் தட் தேர் நேம்ஸ் ஆர் நாட் ஆன் த லிஸ்ட்' என எழுதுகிறார். அது 'அவங்க பேரெல்லாம் லிஸ்ட்ல இல்லன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்காங்களாம்' என்று திரும்பும். இப்போது 'ஆம்' மீண்டிருக்கிறது. மாணவியை உட்படுத்தாத பன்மையும் மீண்டிருக்கிறது. சொன்னது யார் என்னும் வினாவும் இப்போதே எழுகிறது. அதைக் கேட்க மாணவி மீண்டும் சீத்தா கேம்பிற்குப் போக வேண்டும்.