வெள்ளை பூத்த சொக்லேட்

கட்டாரிலிருந்து வாப்பா விடுமுறையில் வந்தபோது அவருடைய பயணப் பெட்டியின் அடியில் பத்துச் சொக்லேட் கட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 100 கிராம். ராத்தாவுக்கு ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைத்திருந்தது. போவதற்கு முன் வீட்டில் ஒரு சிறிய விருந்து வைக்க வேண்டும் என்று வாப்பா முன்பே சொல்லியிருந்தார். அந்த விருந்துக்கென்றே வாங்கி வந்த சொக்லேட் அது.

ஆனால் பெட்டியைத் திறந்தபோது கட்டிகள் வளைந்து கிடந்தன. உறையைப் பிரித்தால் மேலெல்லாம் சாம்பல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கட்டுநாயக்கவிலிருந்து முசலிக்கு வருவதற்குள் பகல் முழுவதும் வெயில்.

"பூஞ்சணம் புடிச்சிட்டு புள்ள. வாற ஆக்களுக்கு இதக் குடுக்கேலாது. எறிஞ்சிடு" என்றார் உம்மா. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டு வெளித் திண்ணையில் போய் இருந்துகொண்டார். எனக்கு எறிய மனம் வரவில்லை. உருக்கிப் பழங்களில் தோய்த்தால் வெள்ளை தெரியாமல் போகும் என்று நினைத்தேன். தொலைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, அன்று பின்னேரமே மூன்று கட்டிகளை ஒரு பாத்திரத்தில் உடைத்துப் போட்டு, கொதிக்கும் தண்ணீரின் மேல் வைத்தேன். சொக்லேட் இளகி வந்தது. கழுவிய அன்னாசித் துண்டொன்றைத் தோய்த்தேன். சிறிது நேரத்தில் முழுச் சொக்லேட்டும் இறுகி, மணல் கலந்த களியைப் போல் ஆகிவிட்டது.

மறுநாள் பாடசாலையில் எங்கள் விஞ்ஞான டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்ன விளக்கத்தையும், பிறகு நானே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதையும் தோழிகளுக்காக இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் பலருடைய வீட்டுக்கும் இப்படிப் பெட்டிகள் வருவதுண்டு.

முதலாவது, அந்த வெள்ளை பூஞ்சணம் அல்ல. சொக்லேட்டில் கொக்கோ விதையிலிருந்து எடுக்கும் கொழுப்பு இருக்கிறது. அது இறுகும்போது ஆறு வகையான பளிங்குகளாக இறுகக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டியது. அது பளபளப்பாக இருக்கும்; உடைத்தால் 'டக்' என்று ஒலிக்கும்; ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில் உருகும். நம் உடல் வெப்பநிலை 37 பாகை என்பதால்தான் சொக்லேட் கையில் திடமாக இருந்து வாயில் கரைகிறது. வெயிலில் உருகி, பிறகு தன்பாட்டில் இறுகும் சொக்லேட்டில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படிகிறது. சுவையும் மென்மையும் சற்றுக் குறையுமே தவிர, உண்பதற்குக் கெடுதல் இல்லை. மீண்டும் முறையாக உருக்கி இறுக வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உண்மையான பூஞ்சணம் என்றால் பஞ்சு போல் எழும்பி நிற்கும், மணமும் மாறியிருக்கும். அப்படியிருந்தால் எறியத்தான் வேண்டும்.

இரண்டாவது, என்னுடைய சொக்லேட் களியானதற்குக் காரணம் தண்ணீர். உருகிய சொக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கும் சீனித் துகள்களும் கொக்கோத் துகள்களும்தான். அதற்குள் நாலைந்து துளி நீர் விழுந்தால் சீனித் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கீழே கொதித்த நீரின் ஆவியும், அன்னாசியின் சாறும் அந்த வேலையைச் செய்துவிட்டன.

ஆனால் கெட்டுப்போனதையும் எறிய வேண்டியதில்லை என்றார் டீச்சர். சூடான பாலை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேர்த்து விடாமல் கலக்கச் சொன்னார். சிறிது நீர்தான் ஒட்ட வைக்கும். கூடுதலாகச் சேர்ந்தால் சீனி கரைந்து குழம்பாகிவிடும். அப்படியே ஆனது. அந்த 300 கிராமும் நல்ல சொக்லேட் பாகாக மாறி ஒரு போத்தலுக்குள் போய்ச் சேர்ந்தது. அது தோய்ப்பதற்கு உதவாது, ஊற்றிச் சாப்பிட உதவும்.

மீதி ஏழு கட்டிகள். விருந்துக்கு இரண்டு நாள் இருந்தது. புத்தளத்திலிருந்து மாமிமாரும் சாச்சிமாரும் பிள்ளைகளோடு வருவதாக அறிவித்திருந்தார்கள். 1990 ஒக்டோபரில் எல்லோரும் ஊரை விட்டுப் போனபோது அங்கு குடியேறிய சொந்தங்களில் பாதிப்பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் எங்கள் வீட்டுக்கு வருவது நானறிய அதுதான் முதல் தடவை. இனி ஒரு கட்டியும் வீணாகக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

என்ன தோய்ப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். காணொளிகளில் எல்லோரும் ஸ்ட்ரோபெரிப் பழம் காட்டுவார்கள். அது நுவரெலியாக் குளிரில் விளைவது. முசலிக்கு வந்து சேருமுன் வாடிவிடும். அன்னாசி, வத்தகைப்பழம், பழுத்த பப்பாசி ஆகியவை வெட்டியதும் நீர் விடும். சொக்லேட் அவற்றில் ஒட்டாது. எனவே ஈரம் குறைந்தவற்றையே தேர்ந்தேன். விதை நீக்கிய பேரீத்தம்பழம், வறுத்த கஜு, தோல் நீக்கி வறுத்த கச்சான், மேரி பிஸ்கட், தோல் கிழியாமல் பிரித்த தோடஞ்சுளை. கொண்டச்சியில் கஜுத் தோட்டம் இருக்கும்போது நமக்கு ஸ்ட்ரோபெரி எதற்கு? வறுத்த கஜு ஒன்றைப் பேரீத்தம்பழத்துக்குள் வைத்து மூடித் தோய்த்ததுதான் விருந்தில் முதலில் முடிந்தது.

கடையில் வாங்கும் பொருட்களின் உறையையும் வாசித்துவிடுங்கள். சில சொக்லேட்டுகளுக்குள் மதுசாரம் கலந்த பாகு இருக்கும். மாஷ்மலோ பெரும்பாலும் ஜெலட்டினில் செய்யப்படுவது. அது எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும். கஜுவும் கச்சானும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று வருபவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இனிச் செய்முறை. சுபஹ் தொழுகை முடிந்ததும் தொடங்கினேன். நம் ஊரில் அடுக்களை குளிர்ந்திருக்கும் நேரம் அதுதான். பழங்களை முதல் நாள் இரவே கழுவித் துடைத்து, துணியில் பரப்பி உலர வைத்திருந்தேன். பாத்திரம், கரண்டி, முள்ளுக்கரண்டி, என் கை, எல்லாவற்றையும் ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

நான்கு கட்டிகளைச் சிறிதாக வெட்டினேன். சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அதன் மேல் சொக்லேட் பாத்திரத்தை வைத்தேன். பாத்திரத்தின் அடி தண்ணீரில் முட்டக் கூடாது. ஆவி வெளியே கசியாதபடி பாத்திரம் சட்டியின் வாயை மூடியிருக்க வேண்டும். பால் சொக்லேட்டுக்கு 45 பாகைக்கு மேல் சூடு ஆகாது. அணைத்த அடுப்பின் சூடே போதும். முழுவதும் உருகியதும் பாத்திரத்தை எடுத்து, முதலில் அதன் அடியைத் துடைத்துவிட வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். உருகிய சொக்லேட்டுக்கு நல்ல பளிங்கு எது என்பதைக் காட்டிக்கொடுக்க ஒரு 'விதை' வேண்டும். வெள்ளை பூத்த கட்டி அதற்கு உதவாது. சிலாவத்துறைக் கடையில் குளிர்பெட்டிக்குள் இருந்த, பூக்காத பால் சொக்லேட் ஒன்றை வாங்கியிருந்தேன். அதிலும் தாவரக் கொழுப்புக்குப் பதிலாகக் கொக்கோக் கொழுப்பு சேர்த்தது எது என்று உறையைப் பார்த்துத்தான் எடுத்தேன். அந்த 100 கிராமையும் துருவி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கினேன். விதை கரையக் கரையச் சூடும் இறங்கியது. 30 பாகை அளவில் நிற்க வேண்டும். வீட்டிலுள்ள காய்ச்சல் வெப்பமானி 35 பாகையில்தான் தொடங்குகிறது, அதனால் பயனில்லை. சுத்தமான கரண்டியால் ஒரு துளி எடுத்து மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்தேன். சூடாகத் தெரியாமல், சற்றுக் குளிர்ச்சியாகத் தெரிந்தால் பதம் சரி.

முள்ளுக்கரண்டியில் ஒவ்வொன்றாக எடுத்துத் தோய்த்து, பாத்திர விளிம்பில் தட்டி வழிய விட்டு, எண்ணெய்த்தாள் விரித்த தட்டில் வைத்தேன். நம் அடுக்களைச் சூட்டில் அது தானாக இறுகாது. பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இறுகியதும் மூடியுள்ள டப்பாவில் அடுக்கி மறுபடி உள்ளே வைத்துவிடலாம். 500 கிராமில் 40 பேரீத்தம்பழமும், 20 பிஸ்கட்டும், கஜு, கச்சான் கொத்துகளும் முடிந்தன. தோடஞ்சுளையை மட்டும் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். பேரீத்தம்பழம் ஒரு வாரம் தாங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். சொக்லேட் இளக்கமாக வரத் தேங்காயெண்ணெய் சேர்க்கும்படி காணொளிகளில் சொல்வார்கள். குளிர் நாட்டில் அது பொருந்தும். தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே உருகுவது. நம் வீட்டுப் போத்தலில் அது உறைந்து யாராவது கண்டிருக்கிறோமா? அதைச் சேர்த்தால் சொக்லேட் கையிலேயே இளகிவிடும். அடுத்தது, கேக் சாமான் கடைகளில் தாவரக் கொழுப்பில் செய்த சொக்லேட் கட்டி கிடைக்கும். அதற்கு விதையும் வேண்டாம், பதமும் வேண்டாம். உருக்கித் தோய்த்தால் போதும். முதன்முறை செய்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் அதையும் கொக்கோக் கொழுப்புச் சொக்லேட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டு கொழுப்பும் ஒத்துப்போகாது. கலவை இளகியே இருக்கும், விரைவில் வெள்ளையும் பூக்கும்.

விருந்தன்று டப்பாக்களை ஒரேயடியாக வெளியே எடுக்கவில்லை. குளிர்ந்த சொக்லேட்டின் மேல் காற்றிலுள்ள ஈரம் வியர்வை போல் படியும். ஆகவே ஒரு தட்டு முடிந்த பிறகே அடுத்த தட்டு. அன்னாசியை வெட்டி, போத்தலில் இருந்த சொக்லேட் பாகை அதன்மேல் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். முதல் நாள் நான் கெடுத்த சொக்லேட்தான் அது என்று யாருக்கும் தெரியாது.

"எந்தக் கடையில வாங்கின?" என்று புத்தளத்துச் சாச்சி உம்மாவிடம் கேட்டார். "கடையில இல்ல, இவட வாப்பா கொண்டு வந்தது. மகள்தான் செஞ்சா" என்றார் உம்மா. எறியச் சொன்னதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. வாப்பா இரண்டாவது தட்டைத் தானே எடுத்துக்கொண்டு, ஆண்கள் இருந்த திண்ணைப் பக்கம் போனார்.

மீதியிருந்த மூன்று கட்டிகளையும் மறுவாரம் இதே முறையில் உருக்கி, 25 பேரீத்தம்பழங்களைத் தோய்த்தேன். அவற்றை ஒரு டப்பாவில் அடுக்கி, டப்பாவை ஈரத்துணியால் சுற்றி, ராத்தாவின் பையில் வைத்தோம். ஒலுவிலுக்குப் போய்ச் சேர்ந்த இரவு ராத்தா தொலைபேசியில் பேசினார். பஸ் சூட்டில் சொக்லேட் கொஞ்சம் இளகியிருந்ததாம். "வெள்ளை பூத்தால் பயப்படாதீங்க ராத்தா, சாப்பிடலாம்" என்றேன். அறைத் தோழிகள் அதுவரை காத்திருக்கவில்லையாம். டப்பா வெறுமையாகிவிட்டது.