லாரிக்கு ஐம்பது, டயருக்கு ஐந்து

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுங்கள். வேடிக்கை பார்க்க நிறைய இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் தயாராகிறது. ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி ஆலை, என்ஃபீல்டு பைக் ஆலை, அப்போலோ டயர் ஆலை எல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்.

2019இல் இந்த வட்டாரத்துக்கு ஒரு சோதனை வந்தது. நாடு முழுக்க வண்டி வியாபாரம் படுத்துவிட்டது. அந்த ஆகஸ்டில் கார், ஜீப், வேன் விற்பனை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிட 31 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலை 16 நாட்கள் உற்பத்தி இல்லை என்று அறிவித்தது. 2019-20 நிதியாண்டில் கனரக லாரி, பஸ் விற்பனை 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

இங்கேதான் ஒரு புதிர். நாட்டில் ஓடும் சரக்கு 40 சதவீதம் குறைந்ததா? இல்லவே இல்லை. அரிசி மூட்டையும் சிமெண்டும் தக்காளியும் போய்க்கொண்டுதான் இருந்தன. சரக்கு அவ்வளவு குறையாதபோது, லாரி விற்பனை மட்டும் ஏன் பள்ளத்தில் விழுந்தது?

பென்சிலை எடுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஊரில் 100 லாரிகள். ஒவ்வொன்றும் 10 வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வருடத்துக்கு 10 லாரி காயலான் கடைக்குப் போகும். அதற்குப் பதிலாக 10 புது லாரி வாங்குவார்கள். இப்போது சரக்கு வெறும் 5 சதவீதம் குறைகிறது. ஊருக்கு இனி 95 லாரி போதும். வழக்கம்போல் 10 பழசு போனபின் 90 மிச்சம். எத்தனை புது லாரி வேண்டும்? ஐந்தே ஐந்து! சரக்கு குறைந்தது 5 சதவீதம். லாரி ஆலைக்கு ஆர்டர் குறைந்தது 50 சதவீதம்.

இனி டயருக்கு வருவோம். எல்லாமே பத்துச் சக்கர லாரிகள். டயர் ஒரு வருடம் தாங்கும் என்போம். நல்ல வருடத்தில் 90 பழைய லாரிகளுக்கு 900 டயர், 10 புது லாரிகளுக்கு 100 டயர், ஆக 1,000. மந்தமான வருடத்தில்? பழைய லாரிகள் அதே 90, எனவே அதே 900. புதியவை ஐந்துக்கு 50. மொத்தம் 950. டயர் ஆலைக்கு இழப்பு 5 சதவீதம்தான்!

லாரி வாங்குவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடலாம். பட்டன் தேய்ந்து வழவழவென்று ஆன டயரை அப்படித் தள்ளிப் போட முடியாது, மழை நாளில் பிரேக் சரியாகப் பிடிக்காது. இந்தியாவில் டயர் கம்பெனிகளின் விற்பனையில் பெரும்பங்கு இப்படிப் பழைய வண்டிகளுக்கு மாற்றிப் போடும் டயர்கள்தாம். நிஜத்தில் கணக்கு இவ்வளவு நேராக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையில் காசு இல்லாத லாரிக்காரர் புது டயருக்குப் பதில் பழைய டயருக்கே ரீபட்டன் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவார். லோடு கிடைக்காமல் லாரி நின்றால் டயரும் தேயாது.

நம் கணக்கில் வந்த அந்த ஐம்பதுக்குப் பொருளாதாரத்தில் முடுக்கி விளைவு என்று பெயர். 1917இலேயே ஜான் மாரிஸ் கிளார்க் என்ற அமெரிக்கர் இதை விளக்கி எழுதினார். நீங்கள் இயற்பியலில் படிக்கும் முடுக்கத்துக்கு இது தூரத்துச் சொந்தம். புது லாரியின் விற்பனை, சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தே ஆடுகிறது. 2019இல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரு லாரி சட்டப்படி ஏற்றக்கூடிய பாரத்தை அரசு கூட்டியிருந்தது. அதே சரக்குக்குக் குறைந்த லாரி போதும் என்றால் என்ன ஆகும்? மேலே உள்ள கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

தாக்குப்பிடிக்க வேறு வழிகளும் உண்டு. 2019இல் ஹூண்டாய்க்கு உள்நாட்டு விற்பனை குறைந்தது, ஆனால் கப்பலேறிப் போன கார்கள் கூடின. ஓரிடத்தில் மந்தம் என்றால் இன்னோரிடம் கைகொடுக்கிறது. அதே 2019இல்தான் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிப்பு தொடங்கியது. 2014இல் மூடிய நோக்கியா ஆலையைச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொள்ளும் என்ற அறிவிப்பும் அந்த ஆண்டு நவம்பரில் வந்தது. கார் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்த அதே வட்டாரம்தான்!

ஆலை தாங்கியது என்றால் அதில் வேலை செய்த எல்லோரும் தாங்கினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை போவது ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு. என்னைக் கேட்டால், இந்தக் கணக்கில் விடுபட்ட பெரிய எண் அதுதான்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் அந்த டயர் பிறந்தது என்று பொருள். நின்றுகொண்டிருக்கும் ஒரு லாரியின் டிரைவர் அண்ணனிடம் அனுமதி கேட்டு, பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பத்து டயர்களின் பிறந்த வாரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லாரி எந்த வருடத்தில் வாங்கியது என்றும் கேளுங்கள். லாரியைவிட இளைய டயர்கள் எத்தனை என்று எண்ணி எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.