செல்ஃப் எடுக்காத ஊட்டிக் காலை

ஜனவரி மாதம், ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் விடிகாலை. புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல உறைபனி. கண்ணாடியில் படிந்ததைச் சுரண்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன. எஞ்சின் பக்கமிருந்து 'டக்டக்டக்டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. "நேத்து மேட்டுப்பாளையத்துல ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆச்சுங்ணா" என்பார் வண்டியை ஓட்டி வந்தவர். உண்மையைத்தான் சொல்கிறார். அந்தப் பேட்டரி நேற்றே நோயாளி. சமவெளியின் சூடு அதை மூடி வைத்திருந்தது.

கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் நீர்த்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகள் மூழ்கி நிற்கின்றன. அறைக்குச் சுமார் 2.1 வோல்ட். மின்சாரம் பிறப்பது தகட்டுக்கும் அமிலத்துக்கும் நடக்கும் வேதிமாற்றத்தில். குளிர் அந்த மாற்றத்தை மந்தமாக்கிவிடும். 0 டிகிரியில் பேட்டரியின் திறன் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். அதே நேரத்தில் எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படுவதால், எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தைவிடக் கூடுதல் கரன்ட் கேட்கிறது. நல்ல பேட்டரி இரண்டையும் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நைந்த பேட்டரி படுத்துவிடும்.

நைந்துபோனது எங்கே? குளிரில் செத்துவிட்டது என்று சொல்லிப் பேட்டரியைக் கழற்றுகிறோம். ஆனால் அதன் ஆயுளைத் தின்றதில் பெரும்பங்கு கோவை, ஈரோடு பக்கத்துச் சித்திரை வெயிலுக்குத்தான். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிமாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய கணக்கு. பானெட்டுக்கு அடியில் கொதிக்கும் சூட்டில் தகட்டின் சட்டம் அரித்துப்போகிறது, அமிலத்திலுள்ள தண்ணீர் வற்றுகிறது. அந்தச் சேதம் வெளியே தெரிய இப்படியொரு பனிக்காலை வேண்டியிருக்கிறது.

கருவியை எடுப்பதற்கு முன் காதைக் கொடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பும்போது, டக்டக் சத்தத்தோடு வெளிச்சமும் மங்கினால் பேட்டரியையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கலாம். வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு 'டொக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் பக்கம் போக வேண்டும்.

அடுத்து டெர்மினல். இதைப் பார்க்காமலே புது பேட்டரி வாங்கி, மறுநாளும் அதே டக்டக்கைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம் தரும் செலவு. முனையைச் சுற்றி வெள்ளையாக, சில சமயம் நீலம் பாரித்துப் பொடி பூத்திருக்கும். கிளாம்பைக் கையால் அசைத்தாலே சுழலும். அத்தனை கரன்டும் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு என்று கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரைக் கொஞ்சமாக விட்டால் நுரைத்துக்கொண்டு பொடி கரையும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, இறுக்கிப் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற வண்டியில் அளந்தால்தான் கணக்கு நம்பகமாக இருக்கும். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழுச் சார்ஜ்; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் அநேகமாகக் காலி. ஆனால் சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டுச் சுமை ஏறியதும் சரியும் பேட்டரிகளும் உண்டு. ஆகவே மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். இதமான வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 0 டிகிரியை ஒட்டிய குளிரில் 9.1 வரை பொறுக்கலாம். முழுச் சார்ஜ் இருந்தும் அதற்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் இன்னும் நுணுக்கமாகச் சொல்லும். முழுச் சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.265 வாக்கில் நிற்கும். ஐந்து அறைகள் ஒத்துப்போய், ஆறாவது மட்டும் 0.050 குறைந்தால் அந்த அறை போய்விட்டது. குளிர்ந்த அமிலம் இருப்பதைவிட அடர்த்தியாகக் காட்டும் என்பதை மறக்கக் கூடாது. 0 டிகிரியில் எடுத்த அளவில் சுமார் 0.020 கழித்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் மீட்டரை மறுபடி வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை ஏறினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது. 12-லேயே நின்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள்.