மேல்பெட்டியில் வைக்கக்கூடாத பொருள்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த பள்ளத்தாக்குகளில் கைபேசியின் மின்கலம் சமவெளியைவிட விரைவில் தீர்ந்துபோவதற்குக் காரணம், கோபுரத்தின் அலை சரியாக எட்டாத இடத்தில் அக்கருவி தன் அலைபரப்பும் திறனை உச்சத்துக்கு உயர்த்திக்கொண்டு, இணைப்புக் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கோபுரத்தைத் தேடுவதே ஆகும். தரையை விட்டு எழும் விமானத்துக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. கைபேசியை ‘ஃபிளைட் மோட்’ நிலைக்கு மாற்றுவது என்பது அந்தத் தேடலை நிறுத்துவதுதான். கருவி அணைவதில்லை, அதன் அலைபரப்பு மட்டும் ஓய்கிறது.

விமானத்தில் அலைபரப்பை நிறுத்தச் சொல்லும் விதியின் வேர் கைபேசிக்கு முந்தியது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானங்களில் தடைக்கு உள்ளானது, கையில் எடுத்துச் செல்லும் எஃப்.எம். வானொலிப் பெட்டி. கேட்பதற்கு மட்டுமே உரிய பெட்டி எவ்வாறு இடையூறு செய்யும் என்ற ஐயம் எழலாம். வானொலிப் பெட்டி, தான் பிடிக்கும் நிலையத்தைப் பிரித்தெடுப்பதற்காகத் தனக்குள்ளேயே ஓர் அலையை உருவாக்குகிறது; அது பெரும்பாலும் நிலையத்தின் அலைவரிசையைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கும். ஆகவே 100 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தைக் கேட்பவரின் பெட்டியிலிருந்து 110.7 மெகாஹெர்ட்ஸ் அலை மெல்லக் கசியும்; விமானிக்குத் திசைகாட்டும் தரைநிலையங்களின் அலைகளோ 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் வருகின்றன. தொலைவிலிருந்து நலிந்து வரும் அலைக்கு அருகிலுள்ள சிறு கசிவும் இரைச்சலாகிவிடும். ஜவ்வாது மலையிலேயே காவலூரில் அமைந்த வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்குச் சுற்றுப்புற விளக்கொளி பகையாவதும் இதே முறையில்தான்.

விமானக் கருவிகளுக்கான அலைக்காப்பு மேம்பட்டதும் தடை தளர்ந்தது. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், ஃபிளைட் மோடில் வைத்த கருவிகளைப் பயணம் முழுவதும் பயன்படுத்த 2014 ஏப்ரலில் இசைவளித்தது. 2018இல் வந்த விதிகள், இந்திய வான்வெளியில் விமானம் 3,000 மீட்டர் உயரத்தை அடைந்த பிறகு கைபேசிச் சேவை தரலாம் என்றன. 2020இல் வைஃபைக்கும் வழி திறந்தது. அலை குறித்த அச்சம் இன்று பெரிதும் தரைக்கு இடம் மாறிவிட்டது. ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் 5ஜி நிலையங்களை நிறுவக்கூடாது என்று 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது, விமானத்தின் உயரமானி அதற்கு அண்மைப் பட்டையில் இயங்குவதால்தான்.

அணைத்தல் வேறு, எடுத்து வைத்தல் வேறு. பயணிகள் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். ஏறும்போதும் இறங்கும்போதும் மடிக்கணினியை உள்ளே வைக்கச் சொல்வதற்கு அலையோடு தொடர்பே இல்லை. விமானம் திடீரென வேகம் குறைந்தால் மடியிலிருக்கும் ஒன்றரைக் கிலோ பொருள் எறியப்பட்ட கல்லாகிவிடும். வெளியேற வேண்டிய நேரத்தில் அது காலை இடறும். ஒலிபெருக்கியில் ஆணை மட்டும் சொல்லாமல் இந்தக் காரணத்தையும் ஒரு வரியில் சொன்னால் பணியாளர்கள் ஒவ்வோர் இருக்கையிலும் மன்றாட வேண்டிவராது.

இன்று இவற்றைவிடக் கவலை தருவது தீ. லித்தியம் அயனி மின்கலத்தில் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து நிற்பது ஒரு மெல்லிய சவ்வு. அது கிழிந்தாலோ குறைபட்டிருந்தாலோ முனைகள் நேரடியாகச் சேர்ந்து வெப்பம் எழும், அந்த வெப்பம் உள்ளிருக்கும் வேதிப்பொருள்களைச் சிதைத்து மேலும் வெப்பத்தை உண்டாக்கும், அடுத்த கலமும் பற்றிக்கொள்ளும். 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில் புகை நாற்றம் எழுந்தபோது, இருக்கைகளுக்கு மேலுள்ள பெட்டியில் வைத்த பையிலிருந்த சாம்சங் நோட் 2 கைபேசியே அதற்குக் காரணம் என்று தெரியவந்தது. பணியாளர்கள் அருகிலிருந்த பயணிகளை இடம் மாற்றி, தீயணைப்பானைப் பயன்படுத்தி, பின்னர் அக்கருவியைக் கழிவறையில் நீர் நிறைந்த பாத்திரத்துக்குள் இட்டனர். விமானம் சென்னையில் பாதுகாப்பாக இறங்கியது. அந்த நீர்தான் இந்நிகழ்வின் பாடம் நிறைந்த பகுதி: விமானத் தீயணைப்பானின் வாயு சுடரை அடக்குமே தவிர, கலத்தின் உள்வெப்பத்தைத் தணிக்காது, தணிக்கவல்லது தண்ணீரே.

மேல்பெட்டி மூடியிருப்பதால் புகை வெளித்தெரியும்வரை எவரும் அறிவதில்லை. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் புசான் விமானம் மேல்பெட்டியில் எழுந்த தீயால் எரிந்தது. அனைவரும் உயிருடன் வெளியேறினர். பவர் பேங்க் ஒன்றின் மின்காப்புச் சிதைவே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அவ்வாண்டு ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயணத்தில் பவர் பேங்க்கைப் பயன்படுத்தத் தடை விதித்தது. இந்தியத் தலைமை இயக்குநரகமும் 2025 நவம்பர் சுற்றறிக்கையில், அதை மேல்பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைக்கவும் அதைக்கொண்டு மின்னேற்றாதிருக்கவும் அறிவுறுத்தியது. சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அதற்கு முன்பும் இடமில்லை. பொதுவான வரம்பு 100 வாட் மணி. பவர் பேங்க் மீதுள்ள மில்லி ஆம்பியர் மணி எண்ணை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட் மணி கிடைக்கும். 20,000 என்று எழுதியது 74 வாட் மணி, எனவே அனுமதிக்குட்பட்டது. 30,000 என்றிருந்தால் 111, அதற்கு விமான நிறுவனத்தின் முன்னிசைவு வேண்டும்.

இருக்கையின் இடுக்கில் கைபேசி விழுந்துவிட்டால், இருக்கையைச் சாய்க்கவோ நகர்த்தவோ செய்யாமல் பணியாளரை அழைக்க வேண்டும். இருக்கையின் உலோகச் சட்டத்தில் கைபேசி நசுங்கினால் மின்கலத்துக்குள்ளிருக்கும் அந்த மெல்லிய சவ்வு கிழியக்கூடும்.