கன்டெய்னருக்குள்ள ஒரு கைத்தட்டல்

ஷார்ட் ஃபிலிம் எடுக்குறீங்க. கதை திருவொற்றியூர் யார்டுல ஒரு காலி கன்டெய்னருக்குள்ள நடக்குது. டப்பிங் மட்டும் ஹாஸ்டல் ரூம்ல, போர்வைக்குள்ள. அந்தக் குரலுக்கு 'லார்ஜ் ஹால்' ரிவர்ப் போட்டுப் பாருங்க. ஹீரோ கல்யாண மண்டபத்துல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். ரிவர்ப் நேரத்தைக் குறைச்சாலும் சரியாகாது.

காரணம் இதுதான். 40 அடி கன்டெய்னரோட உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். சென்னை வெயில்ல ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். ஒரு சுவர்ல இருந்து எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்ப 4.7 மீட்டர், அதாவது 13 மில்லி செகண்ட். அதே இடைவெளியில எதிரொலி திரும்பத் திரும்ப வர்றதால தனித்தனியா கேட்காது, 'டர்ர்'னு ஒரு தகர அதிர்வா கேட்கும். 75 ஹெர்ட்ஸ் பக்கம் பெட்டியே முனகும். மண்டபத்துலயோ எதிரொலிகள் பல தூரத்துல இருந்து கலந்து வந்து வழவழன்னு கரையும்.

இந்தக் கணக்கை எல்லாம் நாம போட வேண்டியதில்ல, கன்டெய்னரே போட்டுக் கொடுக்கும். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்ல மார்க்குக்காகப் படிச்ச இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் ஞாபகம் இருக்கா? உள்ள ஒரு பலூனை உடைச்சு ரெக்கார்ட் பண்ணா, கிடைக்கிறது கிட்டத்தட்ட அதுதான். அதை டப்பிங் குரலோட கன்வால்வ் பண்ணா குரல் பெட்டிக்குள்ள போயிடும். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவுல உடைச்ச பலூன் சத்தத்தை வெச்சு, அமெரிக்காவுல பாடின குழுவுக்கு அந்தக் கட்டடத்தோட 10 நொடிக்கும் மேலான முழக்கத்தையே கொடுத்தாங்க ஸ்டான்ஃபோர்ட் ஆட்கள்.

ஆனா பலூன்ல கீழ் ஸ்தாயி பலவீனம். ஸ்பீக்கர்ல 20-ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறுற சைன் ஸ்வீப் வாசிச்சு, கம்ப்யூட்டர்ல திருப்பிப் பிரிக்கிறதுதான் நல்ல முறை. 2000-ல ஆஞ்செலோ ஃபரினா இதைப் பிரபலமாக்கினார். எண்ணூர் விரைவுச் சாலையில லாரி இரைச்சல் ஓயாது. ஸ்வீப் நீளமா இருந்தா அந்த இரைச்சல் பெரும்பாலும் அடங்கிடும். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், 75 ஹெர்ட்ஸ் அதுல வராது.

கன்டெய்னர் நாளைக்கும் கிடைக்கும். 1856-ல திறந்த ராயபுரம் ஸ்டேஷன் மாதிரி இடங்கள் அப்படியில்ல. ஒரு சுவரை இடிச்சாலோ, ஃபால்ஸ் சீலிங் போட்டாலோ பழைய முழக்கம் போச்சு. அனுமதி வாங்கி அதையும் எடுத்து வைக்கலாம்.

கன்டெய்னர்ல கதவைத் திறந்து ஒண்ணு, மூடி ஒண்ணு எடுங்க. ரெண்டும் வேற வேற இடம் மாதிரி கேட்கும். மூடுறப்போ வெளிய ஒருத்தர் கட்டாயம் நிக்கணும். அந்தக் கதவை உள்ள இருந்து திறக்க முடியாது.