மாரி ஓய்ந்ததும் காட்டோரம் ஒரு நடை

ஐரோப்பாவில் விழுவது போன்ற பனிமழை நம் கிழக்குக் கரைக்கு இல்லை. ஆனால் தோப்பூர்ப் பக்கத்தாருக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. ஐப்பசியில் பிடிக்கும் மாரி தையில் தணியும். வாடைக் காற்று வீசும். பகல் வெப்பம் 28 பாகையைச் சுற்றியே நிற்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசும்போது அரைமணி நேரம் நடப்பதே பெரும்பாடு. ஆகவே, மழை ஓய்ந்த ஒரு நாளில் நான்கைந்து கூட்டாளிகளோடு காட்டோரம் நடந்துவர இதுவே தக்க தருணம்.

"காட்டில் என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நம் மூத்தவாப்பாமாருக்குக் காடு என்பது தேனும் விறகும் வீட்டுக்கு வேண்டிய மரமும் தந்த இடம். பின்னர் யுத்தம் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர், தோப்பூர் மக்கள் ஊரையே விட்டுக் கந்தளாய்ப் பக்கம் போக நேர்ந்தது. யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனால் யானைப் பயம் முடியவில்லை. இன்று நம் பிள்ளைகளுக்குக் காடு என்றால் அச்சம் மட்டுமே. என் மாணவர்களிடம் "முதிரை என்றால் என்ன?" என்று கேட்டால், "கட்டில்" என்கிறார்கள்! அது நிற்கும் மரமாக அவர்கள் கண்ணில் பட்டதில்லை. பெயரே தெரியாத மரத்தை நாளை ஒருவன் வெட்டிச் சென்றால், அது போனதை யார் அறிவார்?

அடையாளம் காண்பது கடினமல்ல. முதிரையின் பட்டை தடித்திருக்கும். ஈர்க்கின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும். பாலையின் இலை நுனி சற்று உள்வாங்கியிருக்கும். கீறினால் பால் வடியும். வீரையின் அடிமரம் மேடும் பள்ளமுமாக முறுகியிருக்கும். கருங்காலியின் பட்டையே கறுத்திருக்கும்.

மரங்களோடு விருந்தாளிகளும் உண்டு. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர்பெற்ற வண்ணப்பறவை, குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி இங்கே வருகிறது. சருகைக் கிளறிப் புழுபூச்சி தேடும். சத்தமின்றி நின்றால் கண்ணில் படும்.

காட்டு நடையில் கூட்டாளியின் அருமைக்கு நமது கொட்டியாரக் குடாவே சாட்சி. 1660 இல் இங்கே கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், பத்தொன்பது வருடங்களுக்குப் பின், 1679 இல், ஸ்டீபன் என்ற ஒரேயொரு தோழரோடு காட்டு வழியே நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவருக்குத் துணையாக இருந்தவை ஆற்றோரமும் அந்த நட்புமே.

நமது நடை அவ்வளவு தூரமில்லை. எனினும் ஒழுங்கு வேண்டும். மூவர் பயணம் போனால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும்படி நபிகளார் (ஸல்) கற்பித்தார்கள். காட்டில் அதன் பயன் உடனே விளங்கும். வழி தெரிந்தவர் "திரும்புவோம்" என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். யானையின் ஈரச் சாணம் கண்டால் அதற்கு மேல் ஓரடியும் வேண்டாம். வெயில் ஏறியபின் புறப்பட்டு அஸருக்கு முன் ஊர் சேருங்கள். சேருவில–அல்லைப் பகுதி 1970 முதல் சரணாலயம். அதன் சட்டத்தை மதியுங்கள். சிறுபிள்ளைகளோடு போவோர் குளக்கட்டோடு நின்றாலும் போதும். பறவைகளை அங்கேயே பார்க்கலாம்.

சோற்றுப் பொதி சுற்றிய பிளாஸ்டிக்கை ஒரு துண்டுகூட விட்டுவராதீர்கள். அம்பாறையின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் மடிந்ததாக 2022 இல் செய்தி வெளியானது. வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று படித்த நாம், தொல்லையை வழியில் போட்டுவரலாமா?

இன்னொன்று. முன்னாளில் தேனெடுத்த, விறகு வெட்டிய முதியவர்கள் இன்னும் சிலர் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் நடக்கக்கூடிய ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்லும் மரங்களில் பத்தின் பெயரையாவது உங்கள் பிள்ளை கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த மாரி வரை அந்த முதியவர் இருப்பாரா என்பதை அல்லாஹ்வே அறிவான்.