கேடயத்துக்குப் பின்னால்

போட்டியொன்றிலே கேடயம் கிடைத்துவிட்டால் அதனை அதிபரின் அறையிலே மாட்டிவைத்து மனநிறைவு கொள்வது ஆசிரியர்களாகிய எங்கள் வழக்கம். நானும் அதற்கு விலக்கானவனல்லன். ஆயினும், மாணவர் நால்வரின் கதையை அறிந்த பின்னர் அந்த மனநிறைவு என்னிடம் தங்கவில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, பீனிக்ஸ் நகரில், ஏழை மக்கள் வாழும் பகுதியொன்றில் உள்ளது கார்ள் ஹேடன் உயர்நிலைப் பள்ளி. மெக்சிக்கோவிலே பிறந்து, சட்டப்படியான குடியுரிமையின்றி வளர்ந்த அப்பள்ளி மாணவர் நால்வர், 2004ஆம் ஆண்டு, நீருக்கடியில் இயங்கும் றோபோக்களுக்கான போட்டியிலே இறங்கினர். ஆசிரியர் இருவர் துணைநின்றனர். பிளாஸ்டிக் நீர்க்குழாய்த் துண்டுகளைப் பொருத்தி, ஏறத்தாழ 800 டொலர் திரட்டி, அவர்கள் தம் பொறியை ஆக்கினர். போட்டிக் களத்திலே, மின்கருவிகள் இருந்த பெட்டியினுள் நீர் கசிந்தது. பெண்கள் உபயோகிக்கும் சுகாதாரப் பஞ்சைக் கடையிலே வாங்கி உள்ளே வைத்து, அந்நீரை உறிஞ்சச் செய்தனர். முடிவிலே, உலகப் புகழ்பெற்ற மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்களையும் பின்தள்ளி முதலிடம் பெற்றனர்.

பாடநூலிலே மனனஞ்செய்யும் மிதப்பு விதியும் மின்சுற்றும் இத்தகைய போட்டியிலே கைக்கு வசப்படுகின்றன. விடை தெரியாத வினாவை எதிர்கொண்டு, தவறி, திருத்தி, மீண்டும் முயலும்போதுதான், ‘நானும் பொறியியலாளன் ஆகலாம்’ என்று மாணவன் முதன்முறையாக நம்புகிறான். அந்நம்பிக்கையே போட்டி தரும் மெய்யான பரிசு.

ஆனால், நம்பிக்கை மட்டும் வழிச்செலவுக்குப் போதுமா? 2006இல் அரிசோனா வாக்காளர் நிறைவேற்றிய சட்டம், இத்தகைய மாணவர்களுக்கு மாநிலத்தவர்க்குரிய குறைந்த கல்விக் கட்டணத்தை மறுத்தது. பல்கலைக்கழகம் புகுந்திருந்த ஒருவன் பணமின்றி இடைநடுவிலே விலகினான். மற்றொருவன் 2009இல் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்றும், தொழில் செய்யும் உரிமையின்றி மெக்சிக்கோ திரும்பினான். 2010இலேதான் முறைப்படி விசாப் பெற்று மீண்டுவந்தான். வென்றவர்களின் திறமை குறைந்துவிடவில்லை. அவர்கள் செல்லவேண்டிய வாயில்தான் அடைத்துக்கொண்டது.

விளக்கேற்றியவன் எண்ணெயும் வார்க்கவேண்டும். போட்டிக்கு மாணவனை அழைத்துச் செல்லும் ஆசிரியனின் கடமை பரிசளிப்பு விழாவோடு முடிவதன்று. அவனது அடுத்த படிப்புக்கு வழி தேடுவதும் அக்கடமையிலே அடங்கும் என்பது என் துணிபு.

இப்போதெல்லாம் சுவரிலே தொங்கும் கேடயங்களைப் பார்க்குந்தோறும், ‘இதனை வென்றவன் இன்று எங்கே?’ என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சிலவற்றுக்கு என்னிடம் விடையில்லை.